ஜான் பன்யன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப் பாடநூலில் இரட்சணிய யாத்திரிகம் படித்தவர்களுக்கு ஜான் பன்யன் என்ற பெயர் ஒரு வரியாக நினைவிருக்கும்: ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்துக்கு மூலநூல் எழுதிய ஆங்கிலேயர். தேவாலயப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வரியும் தெரிந்திருக்கும்: மோட்சப் பிரயாணம் (The Pilgrim's Progress) என்ற அந்த மூலநூலைச் சிறையில் இருந்து எழுதியவர். இந்த இரண்டு வரிகளைத் தாண்டி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

பன்யன் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரை ஒட்டிய எல்ஸ்டோ என்ற சிற்றூரில் 1628-இல் பிறந்தார். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. அப்பா ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைத்துக் கொடுப்பவர். மகனும் அதே தொழிலைக் கற்றார். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தார். பிறகு மதத் தேடல், பிரசங்கம், 12 ஆண்டுச் சிறை, பெட்ஃபோர்டு சபையின் போதகர் பொறுப்பு, சுமார் 60 நூல்கள். 1688 ஆகஸ்ட் 31 அன்று லண்டனில் இறந்தார்.

பள்ளிப் படிப்பே இல்லாதவரை இறையியலாளர் என்பது மிகையில்லையா?

எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பள்ளிக்குப் போனார். அதையும் பெரும்பாலும் மறந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கிரேக்கம், எபிரேயம், லத்தீன் எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பட்டமும் பேராயர் தலையில் கைவைத்துத் தரும் குருப்பட்டமும் இல்லாதவன் வேதத்தை விளக்குவது அத்துமீறலாகவே பார்க்கப்பட்டது. அவரைக் குறிவைத்து எழுதிய எதிரிகள் எல்லோரும் இந்த இடத்தில்தான் முதலில் குத்தினார்கள்.

ஆனால் நூல்களைப் பாருங்கள். நியாயப்பிரமாணத்துக்கும் (வேதாகமத்தின் கட்டளைச் சட்டம்) கிருபைக்கும் (தகுதி பாராமல் கடவுள் தரும் அருள்) உள்ள உறவைப் பற்றி 1659-இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். இரட்சிப்புக்கும் ஆக்கினைக்கும் (தண்டனைத் தீர்ப்பு) உரிய காரணங்களைப் படிப்படியாக ஒரே தாளில் காட்டும் வரைபடம் ஒன்றையும் தயாரித்திருக்கிறார். கிறிஸ்துவின் நீதியை விட்டு ஒழுக்கத்தை முன்னிறுத்துவதாகத் தமக்குத் தோன்றிய எட்வர்ட் ஃபௌலர் என்ற படித்த குருவோடு 1672-இல் நூல்வழியாகவே மோதினார். மேற்கோள் காட்ட நூலகம் இல்லாததால் எல்லாவற்றையும் வேதவசனத்திலிருந்தே கட்ட வேண்டியிருந்தது. அதனால் சில இடங்களில் வாதம் ஒரே தடத்தில் ஓடும். சில இடங்களில் படித்தவர்களுக்கு வராத கூர்மை வரும். இறையியலாளர் என்ற சொல்லை அவருக்குக் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

இளமையில் பெரிய பாவியாக இருந்தாரா?

அப்படித்தான் தம்மைப் பற்றி எழுதினார். 1666-இல் வெளியான தன்வரலாற்றின் (Grace Abounding to the Chief of Sinners) தலைப்பிலேயே தம்மைப் ‘பாவிகளில் பிரதான பாவி’ என்கிறார். உள்ளே தேடினால் கிடைப்பவை வேறு: கெட்ட வார்த்தை பேசுவது, நடனம், ஞாயிற்றுக்கிழமை மட்டையால் கட்டை அடித்து விளையாடுவது, கோயில் மணி அடிப்பது. நம் ஊர்த் தெருவில் கில்லி விளையாடும் எந்தப் பையனும் இந்தப் பட்டியலில் பாதியைச் செய்திருப்பான்.

மணி விஷயம் மட்டும் நின்று பார்க்க வேண்டியது. மணியடிப்பது வீண் பொழுதுபோக்கு என்று மனம் குத்தியதால் அதை விட்டார். ஆசை விடவில்லை, மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போனார். மணி ஒன்று அறுந்து தலையில் விழுந்தால்? குறுக்கே ஓடிய உத்தரத்தின் அடியில் போய் நின்றார். சுவரில் மோதித் திரும்பித் தம்மேல் விழுந்தால்? கோபுர வாசலுக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? அங்கிருந்தும் ஓடிவிட்டார். பின்னாளில் அவரை ஆண்டுக்கணக்காக வாட்டிய மனநிலையை இந்த ஒரு காட்சியே காட்டிவிடுகிறது.

மனமாற்றம் எப்படி நிகழ்ந்தது?

ஒரே நாளில் அல்ல. முதல் மனைவி ஏழை வீட்டுப் பெண். சட்டி பானை, கரண்டி எதுவும் இல்லாத வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அவர் சீதனமாகக் கொண்டுவந்தவை தம் தந்தை விட்டுப்போன இரண்டு பக்தி நூல்கள்தாம். அவற்றைப் படித்த பிறகு பன்யன் கோயிலுக்கு ஒழுங்காகப் போனார், பேச்சைத் திருத்திக்கொண்டார், ஊரார் மெச்சினார்கள்.

பிறகு ஒருநாள் தொழிலுக்காக பெட்ஃபோர்டுக்குப் போனபோது, ஒரு வீட்டு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மதப் பேச்சில் தமக்கும் பங்கு உண்டு என்று நினைத்து அருகில் போனார். அவர்கள் பேசியது மறுபிறப்பைப் பற்றி, அதாவது கடவுளால் உள்ளம் புதிதாகப் பிறப்பதைப் பற்றி. ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண்கள் ஜான் கிஃபோர்டு நடத்திய சிறு சபையைச் சேர்ந்தவர்கள். கிஃபோர்டு அரசர் தரப்பில் மேஜராகப் போரிட்டு, மரண தண்டனை பெற்று, தப்பி, மருத்துவராகி, கடைசியில் போதகரானவர். பன்யன் அந்தச் சபையில் சேர்ந்தார்.

கால்வினியம் என்கிறார்களே, அது அவர் வாழ்க்கையில் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும். ஜெனீவாவில் ஜான் கால்வின் வகுத்துத் தந்த மரபின் மையத்தில் இருப்பது முன்குறித்தல்: இரட்சிப்பு மனிதனின் தகுதியைப் பார்த்து வருவதல்ல, உலகத் தோற்றத்துக்கு முன்பே கடவுள் தாமாகத் தெரிந்துகொண்டவர்களுக்கு அவர் இலவசமாகத் தருவது. நல்லது செய்து சேர்த்து வைத்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

நூலில் படித்தால் இது ஒரு கோட்பாடு. பன்யனுக்கோ அது ராத்தூக்கத்தைக் கெடுத்த கேள்வி: நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, இல்லையா? இல்லையென்றால் நான் என்ன செய்து என்ன பயன்? இந்தத் தவிப்பின் நடுவே, “முற்காலத் தலைமுறைகளைப் பார், கடவுளை நம்பி வெட்கப்பட்டுப்போனவன் உண்டா?” என்ற வசனம் மனத்தில் எழுந்தது. பெரும் ஆறுதல். வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் கழித்து ஒருவழியாகக் கண்டுபிடித்தார். சீராக் ஆகமம், இரண்டாம் அதிகாரம், பத்தாம் வசனம்! புராட்டஸ்டன்டுகள் வேதமாக ஏற்காத இணைத்திருமுறைப் பகுதி. முதலில் மனம் துணுக்குற்றது. பிறகு, வேதத்தின் பல வாக்குறுதிகளின் சாரம்தானே இது என்று தேற்றிக்கொண்டார். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்வது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பக்கங்களை நான் படித்ததில்லை.

அதைவிடக் கொடுமையானது பிறகு வந்தது. ‘கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு’ என்று ஒரு குரல் சாப்பாட்டு மேசையிலும் வேலை நேரத்திலும் விடாமல் துரத்தியது. ‘ஆயிரம் ஆயிரம் உலகங்கள் தந்தாலும் விற்கமாட்டேன்’ என்று மறுத்து மறுத்து ஓய்ந்துபோய், ஒரு காலையில் ‘போகட்டும், அவர் விரும்பினால்’ என்ற எண்ணம் மனத்தில் ஓடிவிட்டது. மூத்த மகனுக்குரிய உரிமையான சேஷ்டபுத்திர பாகத்தை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு விற்ற வேதாகம ஏசா தாம்தான் என்று முடிவுகட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த இருட்டு. ஒருநாள் வயல்வழியே நடந்தபோது ‘உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது’ என்ற வாக்கியம் மனத்தில் விழுந்தது. அவருக்கு அதன் பொருள்: தம் நீதி கிறிஸ்துவே, தம் மனநிலை நன்றாக இருந்தால் அது கூடுவதுமில்லை, கெட்டால் குறைவதுமில்லை. எந்தக் கோட்பாடு அவரை நசுக்கியதோ அதே கோட்பாட்டின் மறுபக்கம்தான் அவரைத் தூக்கிவிட்டது. தாமே சம்பாதிக்காத ஒன்றைத் தாமே இழக்கவும் முடியாதல்லவா?

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பது முன்பே தீர்மானமென்றால் பிரசங்கம் எதற்கு?

கால்வினியர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி. பன்யனின் விடை, யோவான் 6:37-ஐ வைத்து அவர் 1678-இல் வெளியிட்ட பிரசங்க நூலில் இருக்கிறது. அந்த வசனத்தின் முதல் பாதி தெரிந்தெடுப்பைச் சொல்கிறது: பிதா கொடுக்கிற யாவும் வரும். இரண்டாம் பாதி கதவைத் திறக்கிறது: “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.” பன்யன் இரண்டாம் பாதியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். நான் பெரிய பாவி என்கிறாயா? புறம்பே தள்ளுவதில்லை. பழைய பாவி என்கிறாயா? புறம்பே தள்ளுவதில்லை. கல்நெஞ்சன், பின்வாங்கினவன், சாத்தானுக்கு உழைத்தவன் என்று கேட்பவன் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, ஒவ்வொன்றுக்கும் அதே ஐந்தாறு சொற்கள் பதிலாக விழுகின்றன. நீ தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று முதலில் பார்த்துவிட்டு வா என்று அவர் சொல்வதில்லை; வா, வந்தால் தெரியும் என்கிறார். தர்க்கத்தில் இது எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். கேட்டவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏன் கைது செய்யப்பட்டார்?

1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினார். அரசுச் சபைக்கு வெளியே கூடுபவர்களைக் கிளர்ச்சிக்காரர்களாகப் பார்க்கும் காலம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று லோயர் சாம்செல் என்ற இடத்தில் ஒரு பண்ணை வீட்டில் பன்யன் பிரசங்கிக்க இருந்தார். வாரண்ட் தயாராக இருப்பது முன்பே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பன்யன் வெளியே வயலில் சிறிது நேரம் உலாவி யோசித்தார்: நான் ஓடினால் புதிதாக வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார், கைதானார்.

1661 ஜனவரியில் விசாரணை. முதலாம் எலிசபெத் காலத்தில், 1593-இல் போட்ட பழைய சட்டத்தைத் தூசுதட்டி எடுத்தார்கள். ‘பேய்த்தனமாகவும் கேடாகவும்’ கோயிலுக்கு வராமல் இருந்தார், சட்டவிரோதக் கூட்டங்களை நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி கீலிங், மூன்று மாதம் சிறை, அதற்குப் பிறகும் பணியாவிட்டால் நாடு கடத்தல், அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னார். பன்யனின் பதில்: “இன்று என்னை வெளியே விட்டால், கடவுளின் உதவியால் நாளையே மறுபடி பிரசங்கிப்பேன்.”

அப்படியானால் 12 ஆண்டு என்பது தீர்ப்பில் இல்லையா?

இல்லை. பலர் கவனிக்காமல் விடும் செய்தி இது. நாடு கடத்தவுமில்லை, விடுதலை செய்யவுமில்லை, அப்படியே போட்டுவிட்டார்கள். ‘இனிப் பொதுக்கூட்டத்தில் பிரசங்கிக்கமாட்டேன்’ என்று ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். நீதிமன்ற எழுத்தர் பால் காப் சிறைக்கே வந்து நயமாகப் பேசிப் பார்த்தார்: தனித்தனியாக அண்டை வீட்டாரிடம் நல்லது சொல்லுங்கள், கூட்டம் மட்டும் வேண்டாமே. பன்யன் அரசரை மதிப்பதாகச் சொன்னார்; மனசாட்சி அனுமதிக்காத இடத்தில் கீழ்ப்படியாமல் தண்டனையை ஏற்பதும் ஒருவகைக் கீழ்ப்படிதலே என்றார். ஆக, சிறைவாசம் ஒருமுறை நிகழ்ந்த விபத்தல்ல. 1660 முதல் 1672 வரை, 1666-இல் கிடைத்த சிறு இடைவெளி போக, அவர் அதைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

குடும்பம் என்ன ஆயிற்று?

முதல் மனைவி 1658-இல் இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகள், மூத்தவள் மேரி பிறவியிலேயே பார்வையற்றவள். அடுத்த ஆண்டு எலிசபெத்தை மணந்தார். கைதுச் செய்தி வந்தபோது எலிசபெத் கர்ப்பிணி. அதிர்ச்சியில் வலி கண்டு எட்டு நாள் துடித்தார். பிறந்த குழந்தை இறந்துவிட்டது.

அந்த உடம்போடு லண்டன் வரை போய்ப் பிரபுக்கள் அவையைச் சேர்ந்தவரிடம் மனுக் கொடுத்தார். உள்ளூர் நீதிபதிகளிடம் போ என்றார்கள். 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டுக்கு நீதிபதிகள் வந்தபோது, மாத்யூ ஹேலிடம் ஒரு மனு. ட்விஸ்டன் என்ற நீதிபதியின் வண்டிக்குள் ஒரு மனுவை எறிந்தார். கடைசியாக, ஸ்வான் விடுதியில் நீதிபதிகளும் ஊர்ப் பெரியவர்களும் நிறைந்திருந்த அறைக்குள் தனியாக நுழைந்தார். நடந்ததைப் பன்யன் எழுதி வைத்திருக்கிறார்.

பிரசங்கிப்பதை விடுவானா என்று ட்விஸ்டன் கேட்டார். “ஐயா, பேச முடிகிற வரைக்கும் அவர் விடத் துணியமாட்டார்.” அப்படியானால் இனி என்ன பேச்சு என்று அவர் முகத்தைத் திருப்பினார். நான்கு சிறு பிள்ளைகள், ஒன்றுக்குக் கண் தெரியாது, நல்லவர்கள் தருவதைத் தவிரப் பிழைக்க வழியில்லை என்றார் எலிசபெத். ‘ஐயோ, பாவம்!’ என்றார் ஹேல். ஏழ்மையைப் போர்வையாகப் போர்த்துக்கொள்கிறாள் என்றார் ட்விஸ்டன். அவன் தொழில் என்ன என்று ஹேல் கேட்க, பாத்திரம் பற்றவைப்பவன் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். எலிசபெத்தின் பதில்: “ஆமாம். அவர் பாத்திரம் பற்றவைப்பவர், ஏழை. அதனால்தான் அவரை இளக்காரமாக நினைக்கிறீர்கள், அவருக்கு நியாயமும் கிடைக்கவில்லை.”

ஹேல் சட்ட வழிகள் மூன்றைச் சொல்லி அனுப்பினார். எதுவும் பலிக்கவில்லை. பன்யனின் வாழ்க்கையில் மிகத் துணிச்சலான பேச்சு எது என்று கேட்டால், அது பன்யன் பேசியதல்ல என்றுதான் நான் சொல்வேன்.

சிறையில் எப்படி வாழ்ந்தார்?

பெட்ஃபோர்டு மாவட்டச் சிறையில் நாடாக்களின் நுனிக்கு உலோக முனை பூட்டி விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். உடன் இருந்த கைதிகளுக்குப் பிரசங்கித்தார், எழுதினார். தொடக்கத்தில் சிறைக்காவலர் தயவில் வெளியே போய்வந்ததும் உண்டு. ஒருமுறை லண்டன் வரை போனது தெரிந்ததும் அது நின்றது. பிள்ளைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல என்று எழுதினார். மற்ற எல்லாவற்றையும்விடத் தம் இதயத்துக்கு நெருக்கமாக இருந்தவள் அந்தப் பார்வையற்ற மகள் என்கிறார். அவள் அடிபடுவாள், பிச்சையெடுப்பாள், குளிரில் வாடுவாள். காற்று அவள்மேல் வீசுவதையே தாங்க முடியாத நான் இதைச் செய்கிறேனே என்று அரற்றுகிறார். ஆனாலும் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவில்லை. இதை வீரம் என்பவர்களும் உண்டு, கல்நெஞ்சம் என்பவர்களும் உண்டு. அந்தப் பக்கங்களைப் படித்தால் இரண்டு சொற்களும் போதாமல் போகும்.

அவர் பாப்டிஸ்டா?

பாதி ஆம். பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் என்பதை ஏற்றார். ஆனால் அதில் கருத்து வேறுபடுபவர்களை இராப்போஜனத்திலிருந்து விலக்கக்கூடாது என்று 1673-இல் எழுதினார். வில்லியம் கிஃபின் போன்ற லண்டன் பாப்டிஸ்டுகள் இதை மறுத்து எழுதினார்கள்.

ஜான் ஓவனோடு என்ன தொடர்பு?

ஓவன் அக்காலக் கால்வினிய இறையியலின் பெரிய தலை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பன்யன் 1676-இன் இறுதியில் மறுபடி சில மாதங்கள் சிறைப்பட்டபோது, தம் பழைய ஆசிரியரான லிங்கன் பேராயர் பார்லோவிடம் ஓவன் பேசினார். 1677 ஜூனில் விடுதலை. ஓவனின் பதிப்பாளர் நத்தானியேல் பாண்டர்தான் மோட்சப் பிரயாணத்தையும் அச்சிட்டார். படிப்பில்லாத ஒருவன் உளறுவதைக் கேட்கப் போகிறீரே என்று அரசர் கேட்டதாகவும், அவருடைய பிரசங்க ஆற்றல் கிடைத்தால் என் படிப்பு முழுவதையும் தந்துவிடுவேன் என்று ஓவன் சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

குறைகளே இல்லாதவரா?

குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரோடு அவர் நடத்திய வாதங்களில் நிதானத்தைத் தேட வேண்டாம். சபைப் பெண்கள் தாங்களாகத் தனியே ஜெபக்கூட்டம் நடத்துவதை எதிர்த்து 1683-இல் ஒரு நூல் எழுதினார். வாசலில் உட்கார்ந்து பேசிய பெண்களால் கண் திறக்கப்பட்டவர், ஸ்வான் விடுதியில் மனைவி பேசியதை வார்த்தை பிசகாமல் எழுதி வைத்தவர், இதையும் எழுதினார். அந்தக் காலம் அப்படி என்று கடந்துபோக எனக்கு மனமில்லை.

இன்னொரு பக்கம், அவர்மீது வந்த பழி ஒன்று. 1674-இல் ஆக்னஸ் போமண்ட் என்ற இளம்பெண் கூட்டத்துக்குப் போக அவர் குதிரையின் பின்னால் ஏறிப் போனாள். அப்பா கோபத்தில் வீட்டைப் பூட்டினார்; சமாதானமான சில நாளில் திடீரென இறந்தும்போனார். மகள் விஷம் வைத்தாள், பன்யன் உடந்தை என்று வதந்தி கிளம்பியது. மரண விசாரணையில் அவள் குற்றமற்றவள் என்று தீர்ந்தது. அவளே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள்.

மோட்சப் பிரயாணம் சிறையில்தான் எழுதப்பட்டதா?

பெரும்பகுதி அங்கேதான் என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கதைசொல்லி ஒரு குகையில் படுத்துக் கனவு காண்கிறான். 1679-இல் வந்த மூன்றாம் பதிப்பின் ஓரக்குறிப்பு அந்தக் குகையைச் ‘சிறை’ என்றே சொல்கிறது. முதல் பாகம் 1678-இல், இரண்டாம் பாகம் 1684-இல். அவர் உயிரோடு இருந்தபோதே முதல் பாகம் பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது.

புகழ் வந்த பிறகும் தொழில்பெயர் மாறவில்லை. 1685 டிசம்பரில், மறுபடி சிறைப்பட்டால் சொத்து பறிபோகுமே என்று எல்லாவற்றையும் எலிசபெத் பெயருக்கு எழுதி வைத்தார். அந்தப் பத்திரத்தில் தம்மை ‘பித்தளை வேலைக்காரர்’ என்றே குறிக்கிறார். போதகர் என்றோ நூலாசிரியர் என்றோ இல்லை.

எப்படி இறந்தார்?

மனத்தாங்கலில் இருந்த ஒரு தந்தைக்கும் மகனுக்கும் சமாதானம் செய்துவைக்க ரெடிங் நகருக்குப் போனார். அங்கிருந்து லண்டனுக்குக் குதிரையில் வரும்போது கொட்டும் மழை, காய்ச்சல் கண்டது. ஸ்னோ ஹில் பகுதியில் மளிகை வணிகரான நண்பர் வீட்டில் இறந்தார். ஓவன் புதைக்கப்பட்ட அதே பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

தமிழுக்கு எப்படி வந்தார்?

மிஷன் பள்ளிகளும் அச்சகங்களும் கொண்டுவந்தன. திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறிஸ்தவரான கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறிய தமிழோடு பன்யனை எதிர்கொண்டார். 1894-இல் வெளியான இரட்சணிய யாத்திரிகம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்ல முடியாது: கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடும் குமார பருவம் இவர் சேர்த்தது. உரைநடையில் நாட்டுப்புற ஆங்கிலம் பேசிய பன்யன் இங்கே விருத்தத்தில் நடக்கிறார். ஒரு வேடிக்கை: ஆங்கிலிக்கன் சபை என்ற இங்கிலாந்து அரசுச் சபைக்கு வெளியே பிரசங்கித்ததற்காகச் சிறையில் கிடந்தவரின் நூலைத் தமிழ்க் காப்பியமாக்கியவர், ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்தவர்.

எங்கே தொடங்கலாம்?

எல்லோரும் மோட்சப் பிரயாணத்தில் தொடங்கச் சொல்வார்கள். ஆங்கிலம் படிக்க முடிந்தவர்கள் 1666-இன் தன்வரலாற்றில் தொடங்குங்கள். சிறியது, ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். அதோடு, சிறைவாசத்தைப் பற்றி அவர் எழுதி 1765 வரை அச்சேறாமல் கிடந்த குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டையும் ஒரே புத்தகமாகப் போட்ட பதிப்புகள் கிடைக்கின்றன, எலிசபெத் நீதிபதிகள் முன் நின்ற பகுதி இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. தமிழ் மட்டும் என்றால் மோட்சப் பிரயாணத்தின் உரைநடை மொழிபெயர்ப்பை முதலில் முடித்துவிட்டுக் கிருஷ்ணபிள்ளைக்குப் போனால், அவர் எங்கே மாற்றினார், எங்கே கூட்டினார் என்பது தானாகவே தெரியும்.